பருத்தி புடவையாய்க் காய்ப்பதில்லை

தீபாவளிக்கு வாங்குகிற அணுகுண்டு வெடி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மருந்து அடைத்த காகிதக் கூட்டின் மேல் பசையில் தோய்த்த சணல் கயிற்றை வரிவரியாக இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். சுற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திரி, பருத்தி நூலின் மேல் கருமருந்து பூசிக் காயவைத்தது. இதற்கெல்லாம் முந்தைய தலைமுறை வெடித்த ஓலைவெடியில் பனையோலைதான் கூடு. ஆக ஒரு வெடிக்குள் மூன்று நான்கு செடிகொடிகளின் வரலாறு அடங்கிவிடுகிறது. சணல் வங்காளத்தில் விளைவது. பனை இந்த மண்ணில் தானாக நிற்பது. பருத்தி இந்த மண்ணை ஆண்டது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்றதும் இன்று பட்டாசும் தீப்பெட்டியும் விபத்துச் செய்தியும் நினைவுக்கு வருகின்றன. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பகுதியின் பெயரைக் கேட்ட லிவர்பூல் வியாபாரிக்கு நினைவு வந்திருக்கக்கூடிய ஒரே பொருள் பஞ்சு. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன; 1910-இல்தான் ராமநாதபுரம் ஜில்லா உருவாகி இவை அதற்குள் போயின. எனவே அங்கே சந்தையில் 'டின்னவேலி' என்று பெயர் பெற்ற பஞ்சில் நம் கரிசல் பஞ்சும் சேர்த்தி. பஞ்சு ஊர் எப்படி வெடி ஊர் ஆனது என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில்: "மழை இல்ல, விவசாயம் இல்ல, அதான்." பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடத்தான் இந்தக் கட்டுரை.

தேடலைத் தொடங்கி வைத்தது வேறொரு கேள்வி. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் துறையில் இப்போது 'சூழலுக்கு உகந்த இழை எது' என்பதையும் ஒரு மதிப்பெண்ணாக மாற்றித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். ஆடை நிறுவனங்களுக்கு அது வேண்டும். பருத்திக்கு இத்தனை, சணலுக்கு இத்தனை, லினனுக்கு இத்தனை என்று ஒரு அட்டவணை. அதிலிருந்து சட்டையின் ஓரத்தில் ஒரு பச்சை இலை. கரிசல்காட்டுக்காரனான எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்ததும் வந்த சந்தேகம் எளியது. பருத்தி என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்களே, எந்தப் பருத்தி?

1

முதலில் அட்டவணையைப் பார்த்துவிடுவோம். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். இதைப் போன்ற எண்களின் பின்னால் இருப்பது 'நீர்த்தடம்' என்ற கருத்து. 2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா முன்வைத்தது. பின்னர் அவரும் மெஸ்ஃபின் மெக்கோனனும் சேர்ந்து உலகின் பயிர்கள் பலவற்றுக்கும் சராசரி கண்டார்கள், 2011-இல் வெளிவந்தது. ஒரு கிலோ பஞ்சுக்குச் சுமார் 9,100 லிட்டர். சணலுக்குச் சுமார் 2,600. கற்றாழை நாரான சிசாலுக்குச் சுமார் 7,000. பிலிப்பைன்ஸின் வாழைநாரான அபாக்காவுக்கு 22,000-க்கும் மேல்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் தீர்ப்பு சுலபம். சணல் உத்தமன், பருத்தி குடிகாரன், அபாக்கா மொடாக்குடிகாரன்.

ஆனால் அந்த ஆய்வே தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறது. மண்ணில் விழுந்து பயிர் உறிஞ்சும் மழைநீர் பச்சை. ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுத்துப் பாய்ச்சும் நீர் நீலம். உரமும் மருந்தும் கலந்து கெட்ட நீரைச் சீராக்கத் தேவைப்படும் அளவு சாம்பல். அபாக்காவின் 22,000-இல் ஏறத்தாழ எல்லாமே பச்சை. அதாவது, அந்த நார் இல்லாவிட்டாலும் அந்த மழை அந்தக் காட்டில் பெய்யத்தான் போகிறது. சணலிலும் நீலம் பெயருக்குத்தான். பருத்தியில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீலம். மத்திய ஆசியாவில் அமு தர்யா, சிர் தர்யா நதிகளைப் பருத்திக்குத் திருப்பி ஏரல் கடலை வற்றவைத்த கதை அந்த நீலத்துக்குள் இருக்கிறது. பஞ்சாபின் கால்வாய்களும் சிந்துவும் இருக்கின்றன.

கருங்கண்ணிப் பருத்தி அதற்குள் இருக்கிறதா? அது மானாவாரி. அதன் நீலக் கணக்கு பூஜ்யம். ஆனால் சராசரி எடுக்கும்போது உஸ்பெகிஸ்தான் கால்வாய்ப் பருத்தியும் சாத்தூர்க் கரிசல் பருத்தியும் ஒரே பாத்திரத்தில் கொட்டப்படுகின்றன. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய நகைச்சுவை உண்டு: சராசரியாக நாலடி ஆழமுள்ள ஆற்றில் நீந்தத் தெரியாதவன் இறங்கிய கதை.

இந்த விமர்சனம் ஒன்றும் எனக்கு மட்டும் தோன்றியதல்ல. 2022-இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், ஆடைத்துறையின் 'ஹிக்' குறியீட்டில் இருந்த சராசரிகளைக் காட்டிப் பொருளை விளம்பரப்படுத்துவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவது என்று சொன்னது. உலகச் சராசரியை எடுத்து ஒரு தனிச் சட்டைமேல் ஒட்ட முடியாது என்பதே சாரம்.

அப்படியானால் எதை ஒட்டலாம்? ஒரு நாரை அதன் மண்ணோடு சேர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் மண்ணிலிருந்து கேட்கிறேன்.

2

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் களி. காலை வைத்தால் செருப்பு திரும்பி வராது. வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பயிர் போட்டவன் இரண்டுக்கும் நடுவில் பிழைக்க வேண்டும். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடும். பிறகு தை முதல் வானம் வெறிச்சோடும். ஆனால் களிமண் தன் வயிற்றில் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம் வரை வேரை அனுப்பத் தெரிந்த பயிருக்குத்தான் இங்கே வாழ்வு.

கருங்கண்ணி அப்படிப்பட்ட பயிர். ஆணிவேர் ஆழமாக இறங்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் பங்குனி, சித்திரையில் பஞ்சு. விதையைச் சாணிப்பாலில் புரட்டி உலர்த்தி, ஒட்டியிருக்கும் பஞ்சு அடங்கிய பிறகு விதைப்பார்கள். விதை போன வருஷத்து விளைச்சலிலிருந்து எடுத்ததுதான். கடைக்குப் போக வேண்டியதில்லை. ஊடே உளுந்தோ கம்போ கொத்தமல்லியோ போட்டுக்கொள்வார்கள். பருத்தி பொய்த்தாலும் அடுப்பு எரியும்.

தாவரவியலில் இது 'காசிப்பியம் ஆர்போரியம்' இனம். பழைய உலகத்துப் பருத்தி, 26 குரோமோசோம். இன்று உலகச் சந்தையை ஆளும் அமெரிக்க இனமான 'ஹிர்சுட்டம்' 52 குரோமோசோம் கொண்டது. இரண்டும் சாதாரணமாக ஒட்டாது. நம் நாட்டுப் பருத்தி இனங்கள் தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பெரிதும் தாங்கும். வடமேற்கு இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியைச் சுருட்டிப்போடும் இலைச்சுருள் வைரஸ் இந்த இனத்தைத் தொடுவதில்லை.

இதெல்லாம் சரி, குறையே இல்லையா? உண்டு. இழை குட்டை. காய் சிறியது. வெடித்த காயிலிருந்து பஞ்சு தொங்கிச் சீக்கிரம் மண்ணில் விழும். காய்ந்த சருகு ஒட்டிக்கொள்ளும். குனிந்து குனிந்து எடுக்க வேண்டும், எடுப்பவர்கள் பெண்கள். அமெரிக்க இனத்தோடு வைத்துப் பார்த்தால், அதே எடைப் பருத்தியில் பஞ்சு குறைவு, கொட்டை அதிகம்.

ஆனால் 'கொட்டை அதிகம்' என்பது யாருடைய குறை? ஆலைக்காரருக்குக் குறை. மாடு வைத்திருந்தவருக்கு அது தீவனம். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றாத எருமையின் பாலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பாலென்றே மதிக்க மாட்டார்கள். மதுரைத் தெருவில் சாயங்காலம் விற்கும் பருத்திப்பால் அந்தக் கொட்டையிலிருந்துதான் வருகிறது. பறித்து முடிந்த செடியான பருத்திமார் வருஷம் முழுக்க விறகு. ஒரு செடியிலிருந்து துணி, பால், அடுப்பு மூன்றும் வந்தன. இன்றைய அட்டவணைகளில் இதற்கு 'பங்கீட்டுச் சிக்கல்' என்று பெயர்: செடி குடித்த தண்ணீரில் இழையின் கணக்கில் எவ்வளவு எழுதுவது, கொட்டையின் கணக்கில் எவ்வளவு எழுதுவது? தேங்காய்நாரிலும் இதே தகராறு உண்டு. தேங்காய்க்காகத்தான் மரம் வளர்க்கிறோம். நார் இனாம் என்று எழுதினால் கயிறு உலகத்திலேயே சுத்தமான இழை. பங்கு போட்டால் கதை மாறும். எண் மாறுவது மரத்தால் அல்ல, கணக்குப்பிள்ளையால்.

3

'பருத்தி புடவையாய்க் காய்த்தது போல' என்று ஒரு சொலவடை உண்டு. நினைத்ததற்கு மேலே நல்லது நடந்துவிட்டால் சொல்வது. நிஜத்தில் பருத்தி புடவையாய்க் காய்ப்பதில்லை. நடுவில் கொட்டை பிரிப்பது, வில்லடிப்பது, நூற்பது, நெய்வது என்று ஒரு நீண்ட பாதை. அந்தப் பாதையில் கைகள் இருந்த வரை, செடிக்கேற்பக் கருவி இருந்தது. அந்தப் பாதைக்குள் இயந்திரம் வந்ததும் ஏற்பாடு தலைகீழானது. இயந்திரத்துக்கேற்பச் செடியைத் தேட ஆரம்பித்தார்கள். இந்த வரலாற்றின் அச்சாணி இதுதான் என்று நினைக்கிறேன்.

லங்காஷயரின் நூற்பு இயந்திரங்கள் அமெரிக்காவின் நீண்ட இழைக்குப் பழகியவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இழை இந்தியாவில் விளைய வேண்டும். 1840-இல் அமெரிக்காவிலிருந்து பத்துத் தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள். சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூர்ப் பக்கம் வருஷக்கணக்கில் சோதனை நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் முயன்றார்கள். மழை நம் நாட்காட்டிப்படி பெய்தது. செடி அமெரிக்க நாட்காட்டிப்படி வளரப் பார்த்தது. கரிசலில் அது எடுபடவில்லை. கரிசல் சம்சாரி கருங்கண்ணியையும் உப்பத்தையும் தொடர்ந்து விதைத்தார்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கு மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயருக்குப் பஞ்சுப் பஞ்சம். குட்டை இழை என்று மூக்கைச் சுளித்தவர்களுக்கு அதுவாவது கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. சென்னை மாகாணத்துப் பருத்திச் சாகுபடி பற்றி டால்பாய்ஸ் வீலர் தொகுத்த கையேடு 1862-இல் சென்னையில் வெளியானதிலிருந்தே அன்றைய அவசரம் புரியும். விலை ஏறியது, கம்பும் சோளமும் நின்ற காடுகளில் பருத்தி ஏறியது. 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது. ஏறும்போது வந்த கடனும் பழக்கமும் சரியவில்லை. பத்து வருஷம் கழித்து 1876 – 78-இல் தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்துக்குப் பருத்திதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. மழை பொய்த்ததும், அரசு தானியத்தைச் சந்தையின் கையில் விட்டதும் பெரிய காரணங்கள். ஆனால் தானியத்துக்குச் சந்தையை நம்பும் குடும்பம் அப்படிப்பட்ட ஆண்டில் எங்கே நிற்கும் என்பது புரியாத விஷயமல்ல.

பஞ்சம் தொடங்கிய அதே 1876-இல்தான் மதுரை – தூத்துக்குடி ரயில்பாதை. அன்றைய விருதுபட்டி அந்தப் பாதையில் ஒரு நிலையம். அறுபதுகளில் வண்டிப்பேட்டையாக இருந்த ஊர்கள் தொண்ணூறுகளில் பஞ்சுப்பேட்டைகள். 1880களில் ஹார்வி சகோதரர்களின் ஆலைகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் எழுந்தன, பின்னர் மதுரையில். இந்தப் பஞ்சு வியாபாரம்தான் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர் நாடார் வணிகர்களை ஒரு சக்தியாக்கியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வியாபாரத்தின் மேல் உறவின்முறை வசூலித்த மகமை கிணறானது, பேட்டையானது, பள்ளிக்கூடமானது. கோவில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் அப்படித் தன் பள்ளியைக் கட்டிக்கொண்டது. விருதுநகரின் க்ஷத்திரிய வித்யாசாலா அந்த மகமைப் பணத்தின் பிள்ளை. காமராஜர் படித்த பள்ளி. சூழலுக்கு உகந்த பயிரா என்று மதிப்பெண் போடும் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

4

1901-இல் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. கருங்கண்ணியிலிருந்து நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் வேலை அங்கே நடந்தது. 'கே' வரிசைப் பருத்திகள் அப்படி வந்தவை. மண்ணை மாற்றாமல் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றும் பாதை அது. மெதுவான பாதை.

கூடவே வேகமான பாதை ஒன்றும் வந்தது. 1904-05-ஐ ஒட்டி இந்தோசீனாவிலிருந்து ஒரு விதை தென் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. பெயர் கம்போடியா. சொந்தம் அமெரிக்க இனம். கருங்கண்ணியைவிட நீண்ட இழை, அதிக விளைச்சல், அரைவையில் அதிகப் பஞ்சு. 1840-இல் தோற்ற அமெரிக்கப் பருத்தி இப்போது மட்டும் எப்படி ஜெயித்தது? கரிசலில் ஜெயிக்கவில்லை. செம்மண்ணில், கிணற்றடியில் ஜெயித்தது. கமலை இறைக்கக் காளையும் கிணறு வெட்டக் காசும் உள்ளவருக்கு அது பொன்விளைச்சல். கோயம்புத்தூரின் கிணறுகளையும் ஆலைகளையும் இந்தச் செடியோடு சேர்த்துத்தான் பேச முடியும். நம் அட்டவணையின் 'நீலம்' தமிழ்நாட்டுப் பருத்திக்குள் இறங்கிய வாசல் இது. கமலை போய் எண்ணெய் இன்ஜின், அது போய் மின்மோட்டார். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கிணறு ஆழமாகிக்கொண்டே போனது.

இன்னொரு வாசலும் திறந்தது. கம்போடியாவைப் பிடுங்காமல் விட்டால் இரண்டாம் வருஷமும் காய்க்கும். விட்டார்கள். அது மனுஷனுக்கு மட்டுமல்ல, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் தண்டுக் கூன்வண்டுக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு. 1919-இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். அதன்கீழ், ஆடி நடுவில், ஆகஸ்ட் முதல் தேதிக்குள் கம்போடியாச் செடிகளைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று உத்தரவு. புழுவுக்குப் பட்டினிக் காலம் ஒன்றை ஏற்படுத்துவதே நோக்கம். நூறு வருஷம் கழித்து, பிடி பருத்தியைத் தின்னப் பழகிய அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இன்றைய விஞ்ஞானிகள் சொல்லும் மருந்தும் இதுதான்: சீசனை நீட்டாதே, பருத்திமாரை அழி, பட்டினி போடு.

கரிசலில் வேறொரு சண்டை நடந்தது. புளிச்சை என்றொரு பருத்தி. இழை மட்டம், ஆனால் அரைவையில் பஞ்சு அதிகம், எதையும் தாங்கும். சம்சாரிக்குப் பிடித்தது. கருங்கண்ணியோடு அது கலந்து வருவதால் டின்னவேலிப் பெயரே கெடுகிறது என்று ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் முறையிட்டார்கள். 1932-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அரசின் கை இரண்டு திசையிலும் நீண்டதைக் கவனிக்க வேண்டும். 1919-இல் செடியை எப்போது பிடுங்குவது என்று சொன்னது. 1932-இல் எந்தச் செடியை விதைக்கக் கூடாது என்று சொன்னது. முதலாவது மண்ணின் நலன். இரண்டாவது இயந்திரத்தின் நலன். அந்த முறை கருங்கண்ணி இயந்திரத்தின் பக்கம் நின்று தப்பித்தது. அடுத்த முறை தப்பவில்லை.

5

1947-இல் நாடு பிரிந்தபோது இழைகளும் பிரிந்தன. சணல் ஆலைகள் கல்கத்தாவில், சணல் வயல்களில் பெரும்பங்கு கிழக்கு பாகிஸ்தானில். நீண்ட இழைப் பருத்தி விளைந்த சிந்துவும் மேற்குப் பஞ்சாபும் எல்லைக்கு அப்பால். ஆலைகள் பம்பாயிலும் அகமதாபாத்திலும் கோயம்புத்தூரிலும். அன்றைக்கு இந்தியாவின் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 சதவீதம் நாட்டுப் பருத்தி என்பார்கள். இன்று 90 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்க இனத்தின் கலப்பினங்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் யாரோ செய்த சதி அல்ல. ஆலைக்கு நீண்ட இழை வேண்டும். அந்நியச் செலாவணி இல்லை. எனவே உள்நாட்டில் விளைய வைத்தே ஆக வேண்டும். 1968-இல் கோயம்புத்தூரிலிருந்து வந்த எம்சியூ 5, 1970-இல் குஜராத்தின் ஹைப்ரிட் 4, 1974-இல் சுவின் என்று ஒவ்வொன்றும் உண்மையான சாதனைகள். எம்சியூ என்பதன் விரிவே மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. மூன்று கண்டத்துக் கதை அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது.

விலை எங்கே கொடுக்கப்பட்டது? தண்ணீரில், மருந்தில், விதையில். கலப்பின விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் குணம் சிதறும், வருஷாவருஷம் கடைதான். 2002-இல் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தபோது 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாயை ஒட்டி விற்றது. 2006-இல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகே விலை பாதிக்கும் கீழே வந்தது. காய்ப்புழு மருந்து முதலில் குறைந்தது உண்மை. 2010-க்குள் குஜராத்தில் புழு பழகிவிட்டதும் உண்மை.

கரிசல் மானாவாரிக்காரருக்கு இந்த ஓட்டத்தில் இடமில்லை. தண்ணீர் இருந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓடியவர்கள் ஓடினார்கள். மற்றவர்களின் கருங்கண்ணிக்குச் சந்தையில் ஆள் குறைந்தது. காடு தரிசானது, தரிசில் வேலிக்கருவேல் ஏறியது. வேரோடு வெட்டினாலும் முளைக்கும் அந்த முள்மரத்தை அகற்ற 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டியிருந்தது.

இதற்கு இணையாகவே மற்ற கதை நடந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். இரண்டாம் உலகப்போரை ஒட்டிப் பட்டாசு. பஞ்சு வியாபாரம் கற்றுக்கொடுத்த முதலீடு, நம்பிக்கை, கணக்கு எல்லாம் கையில் இருந்தன. வறண்ட காற்று தொழிலுக்குத் தோதாக இருந்தது. வேலையில்லாத கைகள் கரிசல் கிராமங்களில் காத்திருந்தன. பெண்களும் குழந்தைகளும் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பூமணி அதே தசாப்தத்தில் 'கருவேலம் பூக்கள்' எடுத்தார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியமும் சரவெடியும் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்றது. டெல்லியின் காற்றுக்காகச் சொன்னது. சரியான தீர்ப்புதான். அந்த ஆண்டு வேலை குறைந்த கைகள் எதற்குத் திரும்பும் என்று மட்டும் யாரிடமும் பதில் இல்லை. திரும்ப அங்கே பருத்திக்காடு இல்லை.

சாத்தூர்ப் பக்கம் என் சித்தப்பா இன்னும் நாலு ஏக்கர் கரிசல் வைத்திருக்கிறார். இப்போது மக்காச்சோளம், கோழித்தீவனத்துக்குப் போகிறது. 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து அதற்கும் மருந்து. கருங்கண்ணி போடலாமே சித்தப்பா என்று கேட்டேன்.

"போடலாம்யா. விதை கோவில்பட்டில வாங்கிருவேன். மழைக்கு அது பாட்டுக்கு வந்துரும், மருந்தும் வேண்டாம். எடுக்க ஆளு?"

"கூலி குடுத்தா வரமாட்டாங்களா?"

"கம்பெனில திரி அறுக்கப் போனா நெழல்ல ஒக்காந்து வேலை, வாரம் தவறாம சம்பளம். நான் வெயில்ல குனிஞ்சு எடுக்கச் சொல்லி அதே கூலி குடுத்தா எவ வருவா? மேல குடுக்கணும். மேல குடுக்க எனக்கு எவன் மேல குடுப்பான்?"

வெடி வெடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தே நிழலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நாம் அந்த வெயிலின் விலையைக் குறைத்து வைத்திருக்கிறோம்.

6

இப்போது மறுபடி அட்டவணைக்கு வருகிறேன். மண்ணோடு சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு நாரும் வேறு முகம் காட்டுகிறது.

சணல் கங்கைச் சமவெளியில் மழைக்கு விளைகிறது, சுமார் நான்கு மாதப் பயிர், மருந்து குறைவு. அங்கே அது அருமையான பயிர். ஆனால் தட்டையைக் குளத்தில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டு அழுகவைத்தால்தான் நார் பிரியும். அந்தக் குளத்து மீனிடமும், இடுப்பளவு நீரில் நின்று நார் உரிப்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி லிட்டர் கணக்கில் இல்லை. கரிசலில் குளமே இல்லாதபோது அதை இங்கே சிபாரிசு செய்வதும் அபத்தம். நம் பக்கம் மண்ணுக்கு உரமாக மடக்கி உழும் சணப்பை அதன் தூரத்து வேலையைச் செய்கிறது.

தென்னை நார் மேற்குத்தொடர்ச்சி மலையடியில், ராஜபாளையம் பக்கத்துத் தோப்புகளில் கிடைக்கும் மட்டையிலிருந்து வருவது. வீணாவதைப் பயனாக்குகிறது என்பது சரி. தென்னைக்குப் பாயும் நீர் ஆழ்குழாயிலிருந்து வருகிறது என்பதும் சரி.

பனை யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. தும்பும் நாரும் ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து தூரிகைக்காகக் கப்பலேறின. மதிப்பெண் போட்டால் பனைதான் முதலிடம். ஆனால் ஏற ஆளில்லை. ஏறியவர்களை நாம் எந்த மரியாதையில் வைத்திருந்தோம் என்ற வரலாறு அந்த 'ஆளில்லை' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தது. மரத்தைக் காப்பாற்றச் சட்டம் போதும். ஏறும் வாழ்க்கையைக் காப்பாற்றச் சட்டம் போதாது.

ஆகவே 'எந்த இழை நல்லது' என்ற கேள்விக்கு என் பதில்: எந்த இழையும் தன் மண்ணில், தன் மழையில், தன் கருவியோடு இருக்கும்போது நல்லதாகவே இருக்கிறது. வேறொருவரின் இயந்திரத்துக்காக இடம் மாறும்போதும் அவசரப்படும்போதும்தான் தண்ணீரும் மருந்தும் கேட்கத் தொடங்குகிறது. பருத்தியின் பாவங்கள் என்று நாம் பட்டியலிடுபவற்றில் பெரும்பாலானவை அந்த வேகத்தின் பாவங்கள்.

அப்படியானால் கருங்கண்ணிக்குத் திரும்பிவிடலாமா? பழம்பெருமையால் திரும்ப முடியாது. வாங்க ஆளிருந்தால் முடியும். குட்டை இழை எல்லா இடத்திலும் குறை அல்ல. மருத்துவப் பஞ்சுக்கு நாட்டுப் பருத்தியின் முரட்டுக் குட்டை இழையே தோதானது. நீரை நன்றாக உறிஞ்சும். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி, நாடு முழுக்கக் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். விளையும் மண்ணுக்கும் நெய்யும் ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். கைநூற்பும் கைத்தறியும் குட்டை இழையைக் கண்டு முகம் சுளிப்பதில்லை; சென்னையின் 'துலா' போன்ற சிறு முயற்சிகள் மானாவாரி நாட்டுப் பருத்தியை விவசாயியிடம் கூடுதல் விலைக்கு வாங்கிச் சட்டையாக்கி வருகின்றன. பரப்பளவில் இவை கடுகு. ஆனால் செடிக்கேற்பக் கருவி என்ற பழைய வரிசையை அவை மீட்டுக் காட்டுகின்றன.

பெரிய ஆலைகளும் ஒன்று செய்யலாம். தமிழ்நாட்டில் நாட்டின் நூற்புத் திறனில் பெரும்பங்கு இருக்கிறது. பஞ்சோ குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரியில் வருகிறது. அரசு கொள்முதலில், மருத்துவமனைப் பஞ்சுக்கும் பேண்டேஜுக்கும் மட்டுமாவது மானாவாரி நாட்டுப் பருத்திக்கு ஒரு பங்கை ஒதுக்கினால், கரிசலில் ஒரு நிலையான விலை நிற்கும். 1932-இல் ஒரு பருத்தியைத் தடுக்கச் சட்டம் போட முடிந்த அரசு இயந்திரத்துக்கு, இன்று ஒரு பருத்தியை வாங்க உத்தரவு போடுவது பெரிய காரியமல்ல.

நான் எழுதித் தரும் மென்பொருளில் பருத்தி என்ற வரி இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: பாசனம், மானாவாரி. அதற்கே மூன்று கூட்டங்கள் ஆயின. பறிப்பவரின் கூலி என்று ஒரு கட்டம் கேட்டிருக்கிறேன்; 'அது சூழல் கணக்கில் வராது' என்கிறார்கள். கரிசலில் வேறு கணக்கு நடப்பதில்லை. அந்தக் கூலி எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஐப்பசியில் ஒரு காட்டில் பருத்தி நிற்குமா, வேலிக்கருவேல் நிற்குமா என்பது முடிவாகும்.